நாற்காலிக் கணக்கு

மெரபேங்க் கோவில் மண்டபத்தில்
நேற்று முந்நூறு நாற்காலி போட்டோம்.
வாடகை இல்லை; குறைந்தால் மட்டும்
ஒன்றுக்கு நூற்றைம்பது ராண்ட் என்று
செயலாளர் படையாச்சி
என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.
கப்பல் தளத்தில் வெல்டிங் சோதிப்பவள் நான்.
எதை எண்ண வேண்டுமென்றாலும்
ஆட்கள் என்னைத்தான் தேடுகிறார்கள்.

மேடையில் நான்கு பேர்.
கடற்படையின் மூன்றாவது ரோந்துக் கப்பல்
கேப்டவுனுக்குப் போய்விட்டால்
டர்பனில் இரண்டாயிரம் அடுப்பு அணையும்
என்றார் முதலாமவர்.
நாடு ஒன்று, கடல் ஒன்று,
மலிவாகக் கட்டுபவன் கட்டட்டும்
என்றார் அடுத்தவர்; அவர் ஊர் கேப்டவுன்.
இரண்டாயிரம் இல்லை, ஆயிரத்து நூறு
என்று மூன்றாமவர் திருத்தினார்.
நான்காமவர் தாளைப் பார்த்து
"நேரடியாகவும் மறைமுகமாகவும்" என்று தொடங்கும்போது
மின்சாரம் போய்விட்டது.

இருட்டில்தான் கூட்டம் நடந்தது.

"ஒன்றாம் கப்பல் இப்போது எங்கே?"
குரலை வைத்துச் சொன்னால் தெம்பெலானி.
எல்லோருக்கும் தெரியும்.
டீசலுக்குக் காசில்லாமல்
கயிற்றில் கட்டிக் கிடக்கிறது.
பீரங்கி வர வேண்டிய இடத்தில்
தார்ப்பாய்.

"அதை வைத்து யாரைப் பிடிப்பார்கள்?"
"மீன் திருடுகிறவனை."
"அப்படியென்றால் என் மைத்துனனை!"
ஒரே சிரிப்பு.
கதவுப் பக்கம் ஒருவருக்குச் சிரிப்பு இருமலாகி
வெகுநேரம் நிற்கவில்லை.

அப்புறம் கோகிலம் செட்டி எழுந்தாள்.
நாற்காலி கிறீச்சிட்டதில் தெரிந்தது.
"எங்கள் கிளினிக்கில்
பிள்ளை பெற்றவள் கட்டிலுக்கும்
அடுத்தவள் கட்டிலுக்கும் நடுவில்
வாளி வைத்திருக்கிறோம், கூரை ஒழுகுகிறது.
ஒரு கப்பல் காசு
எத்தனை கூரை?"

முதலில் தட்டியது என் கைதான்.
அந்தக் கை எங்கே சம்பளம் வாங்குகிறது
என்று நினைவு வந்ததும்
மடியில் வந்து கிடந்தது.
இருட்டில் யாரும் பார்க்கவில்லை.
தனபாலன் பார்த்திருப்பான்.
பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான்,
அவனும் தட்டவில்லை.

விளக்கு வந்தது.
இரண்டாயிரமும் ஆயிரத்து நூறும்
மறுபடி மேடைக்கு வந்தன.

எனக்குத் தெரிந்த எண் வேறு.
காலை ஆறே முக்காலுக்கு
கேட்டில் அட்டையைக் காட்டினால்
இயந்திரம் ஒரு தரம் கீச்சென்னும்.
மழையில் வரிசை நகராத ஒரு நாள்
கடைசி ஆள் வரை எண்ணினேன்:
நானூற்றுப் பதினேழு.
அதில் அறுபது பேருக்கு
ஆகஸ்டோடு ஒப்பந்தம் முடிகிறது.
கேட்டுக்கு வெளியே வண்டியில்
பன்னி சௌ விற்கும் பெருமாளைச் சேர்த்தால் பதினெட்டு.
மறைமுகம் என்றது
அவரைத்தான் போலிருக்கிறது.

இன்று காலை
மூன்றாம் கப்பலின் அடிப்பலகையில்,
(தட்டிப் பார்த்தால் இன்னும் வெறும் இரும்புதான்,
பெயர்கூட வைக்கவில்லை)
எக்ஸ்ரே படத்தில் மிளகு தூவியது போல் துளைகள்.
தனபாலன் போட்ட தையல்.
"கப்பலே போகப்போகிறது,
இதைப் போய் எழுதணுமா?"
மஞ்சள் சாக்கட்டியால் வட்டம் போட்டேன்.
திட்டினான். கண்ணாடி மாட்டினான்.
அரைத்து எடுத்துவிட்டு
மறுபடி பற்றவைத்தான்.
மூன்று மணி நேரம்.
நேற்றைய மேடையில்
யாருடைய எண்ணிக்கையில் இது சேரும்
என்று கேட்டான்.
நெருப்புப் பொறிச் சத்தத்தில்
காது கேளாதவள் போல் இருந்துவிட்டேன்.

மாலையில் மண்டபத்துக்குப் போய்
இரண்டு முறை எண்ணினேன்.
இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது.
மேடைக்குப் பின்னால் இல்லை,
செருப்பு விடும் இடத்திலும் இல்லை.

திரும்பும் வழியில் தளத்தின் கேட்.
பன்னிரண்டு மணி நேரம் நின்றே
காவல் காக்கும் மகாதேபே
இன்று உட்கார்ந்திருந்தார்.
முதுகுக்குப் பின்னால் பிளாஸ்டிக்கில்
சிவப்பு எழுத்தில் எங்கள் கோவில் பெயர்.
"நல்ல நாற்காலி," என்றேன்.
"நேற்றுதான் வந்தது," என்றார்.

படையாச்சியிடம்
நூற்றைம்பது ராண்ட் கட்டிவிட்டேன்.
ரசீது கேட்டேன்; கொடுத்தார்.